டிசம்பர் கையெழுத்து

— கலாமாவா? அந்தப் பாலைவனத்துக்கா? டெல்ரீன், உனக்கு மூளை கீளை பிசகிப்போச்சா?

— மெதுவாப் பேசு யாஸ்னா. நோட்டரி ஆபீஸ் இது. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும்! வருஷா வருஷம் டிசம்பர்ல எங்க இங்கிலீஷ் ஸ்கூல் வாத்தியாருங்களையெல்லாம் இங்க கூட்டிட்டு வந்து வரிசையில நிறுத்தறேனே, அப்ப ஒருத்தனாவது திரும்பிப் பாத்தானா? வேலை முடிஞ்சுது, எனக்கு எந்தப் பாக்கியும் இல்லன்னு கையெழுத்துப் போடறீங்க. வெளிய போய் எம்பனாடா தின்றீங்க. டிசம்பர்ல தொடங்கற கோடை லீவு முடிஞ்சு மார்ச்ல அதே க்ளாசுல வந்து நிக்கறீங்க. இந்த வருஷமும் அப்படித்தான்னு நானும் சிரிச்சுக்கிட்டே கூட்டிட்டு வந்தா, நீ பஸ் டிக்கெட்டக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறே.

— சாயங்கால பஸ்.

— சாயங்கால பஸ்ஸாம்! எட்டு வருஷப் பழக்கம்டி நமக்கு. முன்னாடியே சொல்றதுக்கு என்ன?

— சொல்லியிருந்தா விட்டிருப்பியா?

— காலை ஒடிச்சு எங்க வீட்டு சோபாவுல போட்டிருப்பேன்.

— அதான் சொல்லல.

— அங்க என்ன இருக்கு, சொல்லு பாப்போம். தூசி. அந்தத் தூசி அடங்கினா வேற தூசி. மூச்சு விட்டா மூக்குல ரத்தம் வரும். மழைய அந்த ஊர்ப் பிள்ளைங்க டிவியிலதான் பாக்குதுங்க. நீ ஜமைக்காவுல பொறந்ததுலேர்ந்து கடல்ல குதிச்சு வளந்தவ. ஒரு நாள் கப்பல் பாக்கலன்னா உன் மூஞ்சி வாடிப்போகும். தினம் சாயங்காலம் ஸ்கூல்ல என் ரூமுக்கு வர்றியே, டீ குடிக்க வர்றியா ஜன்னலப் பாக்க வர்றியான்னு எத்தன தடவ கேட்டிருக்கேன்?

— நீ போடற டீக்கு ஜன்னல் இல்லன்னா தொண்டையில இறங்காதும்மா.

— பேச்ச மாத்தாத.

— மாத்தல. அங்க ஒரு சுரங்கக் கம்பெனி. இன்ஜினியருங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கணும். முடியற தேதியே போடாத காண்ட்ராக்ட். கோடையிலயும் சம்பளம். அதான் விஷயம், வேற ஒண்ணுமில்ல.

— நிரந்தரம் நிரந்தரம்னு நீயும் ஆரம்பிச்சிட்டியா? ஒரு கல்லும் நிரந்தரமாத்தான் கெடக்கு. அது என்ன சுகத்தக் கண்டுது?

— உனக்கு அது வெறும் வார்த்தை யாஸ்னா. ஏன்னா அது உன்கிட்ட இருக்கு.

— இருக்கு, இல்லங்கல. பதினாறு வருஷம் ஒழச்சு வாங்கினது. வாத்தியாருங்களுக்கெல்லாம் ஒருங்கிணைப்பாளர்னு கதவுல பேர் போட்டிருக்கேன். அந்த நாற்காலியிலேர்ந்து என்னை அசைக்க நம்ம முதலாளி டான் அமடோர் என்ன, அவங்கப்பன் எழுந்து வந்தாலும் நடக்காது.

— சரி.

— என்ன சரி? ஏன் தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு சரிங்கறே?

— ஒண்ணுமில்ல. வரிசை நகருது, நட.

— நட நடன்னு என்னை ஏன் விரட்டறே? நீ போறதுக்கு ஒரு காரணம் சொல்லு. உண்மையான காரணம்.

— ஷெனீல்.

— உன் பொண்ணுக்காகவா?

— மூணு வயசுல அவள என் தங்கச்சிகிட்ட விட்டுட்டு வந்தேன். இப்ப என் உசரம் வளந்துட்டா. போன்ல என்கூடப் பேசறப்ப வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி பேசறா. பொண்ணக் கூட்டிட்டு வர்றேன்னு ஒவ்வொரு வருஷமும் குடியேற்ற ஆபீஸ்ல போய் நிக்கறேன். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க: நடுவுல அறுந்துபோகாத வேலை இருக்கா? என் வேலைதான் ஒவ்வொரு டிசம்பரும் அறுந்துபோகுதே. இந்த ஆபீஸ்லதான் அத அறுக்கறாங்க.

— அறுக்கறது டான் அமடோர்.

— கூட்டிட்டு வர்றது நீ.

— ஓகோ. அப்ப நான் கசாப்புக் கடைக்காரியா?

— நான் அப்படிச் சொல்லல.

— சொல்லிட்டே. வாயில சொல்லல, மூஞ்சியில சொல்லிட்டே. கேட்டுக்க டெல்ரீன், எனக்கு மட்டும் இது இனிக்குதா? உங்க கையில டிசம்பர்ல அந்த ஆள் என்ன குடுக்கறான்? ஒரு கிறிஸ்மஸ் ரொட்டி! உலர்ந்த திராட்சையும் வாதுமையும் போட்டு, மேல சிவப்பு ரிப்பன் கட்டி! வேலைய விட்டுத் தூக்கறதுக்கு ரிப்பன் ஒரு கேடா? அத ஒவ்வொருத்தர் கையிலயும் நான்தான் குடுக்கணும், சிரிச்சுக்கிட்டே குடுக்கணும். வீட்டுக்குப் போனா எனக்கு வாயெல்லாம் கசக்கும்.

— ரொட்டி நல்லாத்தான் இருக்கும்.

— கோபமே வராதா உனக்கு?

— வரும். நம்மகூடப் பாடம் நடத்தற அந்த டென்மார்க் பையன் படத்தப் பெரிசாப் போட்டு, இங்கிலீஷ் தாய்மொழியா உள்ள ஆசிரியர்கள்னு வாசல்ல ஒட்டினாரே, அன்னிக்கு வந்துது. நான் பொறந்து மொதல்ல பேசினதே இங்கிலீஷ். அந்தப் பையன் எழுதற பாடத்தையெல்லாம் நான்தான் திருத்திக் குடுத்தேன். அவன் முடி மஞ்சளா இருந்துது, என் தோல் வெள்ளையா இல்ல. அன்னிக்கு ராத்திரி அந்தப் போஸ்டரக் கிழிக்கணும்னு கை பரபரன்னுது.

— கிழிச்சது நான்.

— நீயா?

— பின்ன காத்தா வந்து கிழிச்சுது? அந்தப் பையனுக்கே அதப் பாத்து வெட்கமாப் போச்சு. அவன்தான் ஏணியப் புடிச்சான்.

— யாஸ்னா... இத ஏன் எனக்கு இத்தன நாளா சொல்லல?

— நீ மட்டும் எல்லாத்தையும் சொல்றியா? சரி, இதையும் கேட்டுக்க. அக்டோபர்ல நான் டான் அமடோர் ரூமுக்குப் போய் மேசையத் தட்டினேன். டெல்ரீனுக்கு நிரந்தரம் போட்டுக் குடுங்க, இங்க இருக்கறதுலயே நல்ல வாத்தியார் அவதான், ஒரு சின்னப் பொண்ணு அங்க அம்மா இல்லாம நிக்குதுன்னு கத்தினேன். செக்ரட்டரி வெளிய காதப் பொத்திக்கிட்டாளாம். "யோசிக்கிறேன்"னு சொல்லியிருக்காரு. அதனாலதான் சொல்றேன், மார்ச் வரைக்கும் பொறுடி. ஒரே ஒரு கோடை. எங்க வீட்ல இருந்துக்க.

— அவர் யோசிச்சு முடிச்சுட்டாரு.

— என்னது?

— போன வாரம் என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு.

— ஆமா, செக்ரட்டரி சொன்னா. ரொம்ப நேரம் உள்ள இருந்தியாம். வெளிய வர்றப்ப மூஞ்சி தொங்கிப்போயிருந்துதாம். என்ன சொன்னாரு?

— ரொட்டி குடுத்தாரு.

— டெல்ரீன்!

— நம்ம முறை வந்துடுச்சு. வா.

— அடுத்தது... டெல்... மன்னிக்கணும் மேடம், உங்க பேர் என் வாயில நுழையல.

— இது எட்டாவது வருஷம் சார். இன்னும் நுழையலையா?

— அதான் மூஞ்சி தெரிஞ்ச மாதிரி இருக்கு. அடையாள அட்டையக் குடுங்க. சரி. இது நீங்க சொந்த விருப்பத்துல போடற கையெழுத்துதானே?

— இத என்கிட்டயா கேக்கறீங்க?

— எல்லார்கிட்டயும் கேக்கணுங்க. சட்டம். ஆமான்னா போதும்.

— ஒரு நிமிஷம் சார். டெல்ரீன், பேனாவ வை. கையெழுத்துக்கு மேல ஒரு வரி எழுது. "என் உரிமை எதையும் நான் விட்டுக்குடுக்கல"ன்னு உன் கையாலயே எழுது.

— எதுக்கு?

— அது இருந்தா நாளைக்கு கோர்ட்டுக்குப் போகலாம். இத்தன வருஷக் கோடைச் சம்பளத்தையும் கேக்கலாம். இல்லன்னா நீ போட்ட கையெழுத்தே உன் வாய அடைச்சிடும்.

— இப்படி ஒரு வழி இருக்குன்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?

— எழுது மொதல்ல.

— எப்பலேர்ந்து தெரியும் யாஸ்னா?

— ...ஆரம்பத்துலேர்ந்தே.

— எட்டு வருஷமா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தே.

— எழுதினவங்கள அந்த ஆள் மார்ச்ல திரும்பக் கூப்பிட மாட்டான்டி! ஒருத்தன் எழுதினான், அவன் அந்த வாசல்ல அப்புறம் கால் வைக்கல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு தெரிஞ்சா எனக்கும் ஆபத்தாயிடும்னு பயம். போதுமா? பயம்தான். இப்ப நீ திரும்பி வரப்போறதில்ல, எழுது.

— எழுதறதுன்னா எழுதிடுங்க மேடம், வரிசை தெருவுக்குப் போயிடுச்சு.

— எழுதறேன் சார். பேரையும் பெரிசா எழுதறேன், அடுத்த தடவ வாசிக்கறதுக்கு.

— சந்தோஷம். கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள். அடுத்தது!

— டெல்ரீன், நில்லு. இந்த வெயில்ல ஏன் இப்படி ஓடறே? எம்பனாடா வாங்கட்டுமா? ஒவ்வொரு வருஷமும் வாங்குவோமே.

— வேண்டாம்.

— கோபமா?

— கோபம்தான். உன்மேல கொஞ்சம். அந்த ஆள்மேல நெறைய.

— எனக்கும்தான்! நான் இப்ப நேரா அவன்கிட்டப் போறேன். உன்னைக் கூப்பிட்டு வெச்சு முடியாதுன்னு சொல்லியிருக்கான், நீ என்கிட்ட மறைக்கறே. தெரியாதா எனக்கு? உள்ள போய், டெல்ரீனுக்கு நிரந்தரம் குடு, இல்லன்னா நானும் போறேன்னு சொல்லப்போறேன். அப்ப தெரியும் அவனுக்கு.

— அப்படி மட்டும் சொல்லிடாத.

— ஏன்? சொன்னா என்ன?

— அவர் அதுக்குத்தான் காத்திருக்காரு.

— என்னடி உளர்றே?

— யாஸ்னா, இங்க நிழல்ல உக்காரு. நான் சாயங்காலம் பஸ்ஸுல ஏறினப்புறம் ஜன்னல் வழியா சொல்லிக்கலாம்னு இருந்தேன். எனக்கும் பயம்தான், உனக்கு மட்டுமில்ல. அவர் முடியாதுன்னு சொல்லல.

— பின்ன?

— குடுத்தாரு. முடியற தேதி இல்லாத காண்ட்ராக்ட். கோடைக்கும் சம்பளம். இங்கயே, வால்பரைசோவுலயே. பொண்ணக் கூட்டிட்டு வர்றதுக்கு என்ன கடிதம் வேணுமோ அதுவும் தர்றேன்னாரு. அக்டோபர்ல நீ மேசையத் தட்டினது அவர் காதுல நல்லாவே விழுந்திருக்கு.

— அடிப்பாவி! அடிப்பாவி! கடலும் கெடச்சு, வேலையும் கெடச்சு, பொண்ணும் வந்து சேரப்போற நேரத்துல, அத்தனையும் வேண்டாம்னுட்டு தூசி தின்னப் போறியா? நான் அந்த ஆள்கிட்ட தொண்டை கிழியக் கத்தினது எதுக்கு? ஷெனீல் வந்தா அவளுக்கு நீச்சல் யாரு சொல்லித் தர்றதுன்னு நானும் என் புருஷனும் சண்டையே போட்டாச்சு! நீ மனுஷியா?

— ரெண்டு நாள் யோசிச்சேன். நல்லவ மாதிரி ஒடனே வேண்டாம்னு சொல்லலப்பா. பொண்ணு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நின்னுது. அப்புறம் உன் ரூமுக்கு டீ குடிக்க வந்தேன். நீ கோப்பையக் கழுவிக்கிட்டே ஏதோ பாடிக்கிட்டு இருந்தே. அப்பதான் கலாமாவுக்கு சரின்னு எழுதிப் போட்டேன்.

— என் பாட்டுக்கும் உன் வேலைக்கும் என்னடி சம்பந்தம்?

— ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. இந்த நோட்டரி ஆபீசுக்கு உன்னை யாராவது கூட்டிட்டு வந்தா, கையெழுத்துக்கு மேல அந்த வரிய எழுது. நான் வேண்டாம்னதோட அவர் விடப்போறதில்ல, வேற ஆளத் தேடுவாரு.

— என்னை ஏன் கூட்டிட்டு வரப்போறாங்க? நீ மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்ன வேலைடி அது, காலுல விழுந்து குடுத்தும் வேண்டாங்கற அளவுக்கு?

— வேலை நல்ல வேலைதான். க்ளாஸ் கம்மி. தனி ரூம். நீ வீட்டுக்குப் போனப்புறம் கதவத் திறந்து உள்ள கூட்டிட்டுப் போனாரு. ஜன்னல்கிட்ட நிறுத்தி, "உங்களுக்குக் கப்பல் பாக்கப் பிடிக்குமாமே, இனிமே நாள் பூரா இங்க உக்காந்து பாருங்க"ன்னாரு.

— கப்பலா? டெல்ரீன்... அந்தக் கட்டடத்துல கடல் தெரியற ரூம் என்னோடது ஒண்ணுதானே.