காண்டாமிருகத்தைக் குளிப்பாட்டியவன்

எனக்குக் குழந்தைகளைப் பிடிக்காது, சார். அவர்களுக்கும் என்னைப் பிடிக்காது. இருபத்தெட்டு வருஷமாக அவர்களுக்குப் புத்தகம் போட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு புகாரும் வந்ததில்லை. வாசலில் நிற்கிற காவலர் "என்ன தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டார். ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்.

'குளிக்காத காண்டாமிருகம்' உங்கள் வீட்டிலும் இருக்கும். பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று தலையைச் சொறிகிற சித்தப்பாவும் அத்தையும் உலகத்தில் உள்ளவரை அது விற்கும். காலத்தை வென்ற புத்தகம் என்று மேடையில் முழங்குவார்கள். உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், காலத்தை யாரும் வெல்வதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அட்டையை மாற்ற வேண்டும். பள்ளிக்கூட நூலகப் பட்டியலில் இருந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையிருப்பு தீரும் முன்னால் மறுபதிப்புக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த வேலையைப் பார்த்தவன் நான்.

எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மறுபதிப்புக்குப் போகும் முன் பிரதி ஒரு தடவை என் மேஜைக்கு வரும். பிழை இருந்தால் நானே திருத்தலாம், எழுதியவரைக் கேட்க வேண்டியதில்லை. முதல் தடவை ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினேன். பக்கத்திலேயே ஒரு வாக்கியம் தொளதொளவென்று கிடந்தது, அதையும் இழுத்துக் கட்டினேன். ஒரு ஈ காக்கைகூடக் கவனிக்கவில்லை. அடுத்த பதிப்பில் நாலு வாக்கியம் திருத்தினேன்.

எழுதிய அம்மாவை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவின் கதையில் காண்டாமிருகம் கடைசிவரை குளிக்கவே குளிக்காது. தின்ன வந்த புலி நாற்றம் தாங்காமல் மயங்கி விழும். காண்டாமிருகம் ஒரு குசு விட்டு அதை எழுப்பும். கதை முடிந்தது. இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள். நான் குசுவைத் தும்மலாக்கினேன். ஆறாம் பதிப்பில் புலி மன்னிப்புக் கேட்டது. ஒன்பதில் காண்டாமிருகம் காலை நனைத்தது, பதினான்கில் முழுசாகக் குளித்தது, பதினைந்தில் தலை சீவிக்கொண்டது. அதற்கு ஏது முடி என்று ஒரு பள்ளியில் இருந்து கடிதம் வந்தது. பதினாறில் சீப்பை எடுத்துவிட்டேன். நியாயமான விமர்சனத்தை மதிப்பவன் நான்.

முப்பதாம் பதிப்பு வந்தபோது எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களில் அக்காவுடையது ஒன்றுகூட மிச்சமில்லை. அட்டையில் தலைப்பும் பெயரும் மட்டும் அவருடையவை. அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அக்கா தன் புத்தகத்தைத் திரும்பப் படிக்கிற ஆள் இல்லை. நாங்கள் அனுப்பும் பிரதிகளைக் கட்டோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். அப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இந்த வருஷம் ஒரு பள்ளியில் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். அக்கா புத்தகத்தைத் தொடாமல் ஞாபகத்தில் இருந்து சொல்லியிருக்கிறார். குசு வந்த இடத்தில் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்களாம். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுந்து, புத்தகத்தை விரித்துக் காட்டி, "நீங்க தப்பா சொல்றீங்க ஆன்ட்டி, அது கடைசியில குளிச்சிடும்" என்றாளாம். அவள் நன்றாக இருக்கட்டும், கவனமாகப் படிக்கிற பிள்ளை.

மறுநாளே அக்கா என் மேஜை முன்னால் வந்து நின்றார். கத்தவில்லை.

"ஏன் தம்பி, என் காண்டாமிருகத்தை யாரைக் கேட்டுக் குளிப்பாட்டினே?"

"சின்னச் சின்னத் திருத்தம்தான்க்கா. பிள்ளைங்க நல்லதுக்குத்தானே."

"நேத்து அதுங்க சிரிச்ச சிரிப்பை நீ கேட்டிருக்கணும். இந்த முப்பதாம் வருஷப் பதிப்பு நான் எழுதினபடியே வரணும். திங்கட்கிழமை முதலாளிகிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். முதல் பதிப்பு ஒண்ணு மட்டும் தேடிக் குடு, என்கிட்ட இல்லை."

இருபத்தெட்டு வருஷ வேலை, சார். ஒரு பேச்சில் அடித்துக்கொண்டு போய்விடும். பிள்ளைகளையும் யோசித்துப் பாருங்கள், எந்தக் கதையை நம்பும் அவை?

முதல் பதிப்பில் ஒரே ஒரு பிரதி மிச்சம் இருந்தது, கிடங்கின் கடைசி அறையில். வெள்ளிக்கிழமை மதியம் வரச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த அறைக்குப் பூச்சிக்குப் புகை போடுவோம். கதவிடுக்கை டேப் ஒட்டி அடைத்துவிட்டு, குழாய் வழியாக மருந்தை உள்ளே விடுவார்கள். அன்று அந்த நாள். கிடங்கு ஆட்களுக்கு விடுமுறை. அக்காவை நானே அழைத்துப்போனேன். மேல் தட்டில் பின்பக்கம் இருக்கும், நிதானமாகத் தேடுங்கள் என்று ஸ்டூலும் போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வெளியே வந்து, வழக்கம்போலத் தாழ்ப்பாள் போட்டேன்.

மருந்து அடிக்கிறவர் ஒழுங்கான மனுஷன், முறைப்படி கேட்டார். "உள்ளே ஆள் யாரும் இல்லையே சார்?"

இல்லை என்றேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பம்ப் ஓடுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. நான் சாப்பிடப் போனேன்.

திங்கட்கிழமைதான் திறந்தார்கள். அவராக உள்ளே போயிருப்பார், கவனிக்காமல் விட்டேனே என்று அழுதேன். ஆளாளுக்கு என்னைத் தேற்றினார்கள். நீங்களும் விபத்து என்று எழுதி முடித்தீர்கள், அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. இரங்கல் குறிப்பும் நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருந்தது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அக்கா அந்தப் பிரதியைக் கண்டுபிடித்திருந்தார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாராம், விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதலாளி மூக்கைச் சிந்திக்கொண்டே, "இதை அப்படியே போடுங்கப்பா, ஒரு எழுத்து மாறக் கூடாது. அந்த அம்மாவுக்கு நம்ம மரியாதை" என்று சொல்லிவிட்டார். நேற்று அச்சாகி வந்தது. பதினெட்டாம் பக்கத்தில் அந்தக் குசு. என் இருநூற்றுப் பன்னிரண்டும் போயே போச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, ராத்திரி ஒரு வாய் சாப்பிடவில்லை. காலையில் நேராக இங்கே வந்தேன்.

நீங்கள் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன். கதவைச் சாத்தியது, தெரிந்தே இல்லை என்று சொன்னது, எல்லாம் நான் சொன்னபடி இருக்கிறது. கொன்றேன் என்பதும் சரி. கடைசி வரியில் மட்டும் ஒரு பிழை. 'குளிக்காத காண்டாமிருகம் என்ற நூலை எழுதியவரைக் கொன்றேன்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் சாகவில்லை சார், உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பேனாவைக் கொடுங்கள், நானே திருத்தித் தருகிறேன்.