எட்டுக் குழி

ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது. பல் டாக்டர் பாக்கி வைத்துவிட்டுச் செத்துப்போன தொகை அது.

யாருக்கோ எங்கோ நடந்த கதை இல்லை இது. நம் வெல்டரின் மச்சானுக்கு நடந்தது. அதோ, சுவரோரம் போர்வைக்குள் சுருண்டிருக்கிறாரே வெல்டர், அவரையே கேட்கலாம். வாய் திறக்கமாட்டார். அதனால்தான் அடுத்தவர் வாயால் வருகிறது.

மச்சானுக்கு ஊரில் பெயர் ஈயம். சட்டையிலும் தலைமுடியிலும் எப்போதும் ஈயப் புகை வாடை. பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிற தொழில். குப்பைக்குப் போகவேண்டிய பெட்டியைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்களே, இவர்களுக்கு என்ன கிறுக்கு என்று அவருக்கே புரிந்ததில்லை. அந்தக் கிறுக்கில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. கடை, கிடங்குத் தெருவின் கடைசியில். இருட்டிவிட்டால் அந்தத் தெருவில் நாய்கூட நிற்காது.

டாக்டர் கை நடுங்க ஆரம்பித்ததும் கிளினிக்கை மூடிவிட்டவர். ஆனால் கிராம்பு எண்ணெய் வாசனை மட்டும் அவரை விடவில்லை. ஆள் வருமுன் வாசனை வரும். கிளினிக்கில் வைத்திருந்த முதல் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பேட்டரி கசிந்து போர்டை அரித்திருந்தது. ஈயம் நாள்கணக்கில் குனிந்து உட்கார்ந்து, அறுந்த தடங்களையெல்லாம் தலைமுடி போல மெல்லிய கம்பியால் ஒட்டி உயிர் கொடுத்தார். கூலியைக் கேட்டதும் டாக்டர் முகம் சுருங்கியது.

“இந்தக் காசுக்கு நான் நாலு பேருக்குப் பல்லு கட்டியிருப்பேன்.”

“கட்டுங்க. கட்டிட்டுக் காசைக் கொண்டாங்க. பெட்டி இங்கதான் இருக்கும்.”

டாக்டர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். “காசு வரும்யா. ஆனா உள்ள இருக்கிறது ஒவ்வொண்ணும் என் கையால சொருகினது. ஒண்ணு குறைஞ்சாலும் விடமாட்டேன்.”

அதற்குப் பிறகு போனில்தான் சண்டை. ‘திருடன்’ என்பார் டாக்டர், ‘கஞ்சன்’ என்பார் ஈயம். ஒருநாள் போன் நின்றது. விசாரித்தால், ஆள் போய்விட்டார். மகனிடம் பாக்கியைக் கேட்டதற்கு, “அப்பா கடனை அப்பாகிட்டயே கேளுங்க” என்று வைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கடை வாடகை நெருக்கியது. மறுநாள் கட்டாவிட்டால் வேறு பூட்டுத் தொங்கும் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். நல்லவேளையாக இன்னொரு கிராக்கி வந்தது. தன் பழைய பெட்டிக்கு மெமரி கூட்டவேண்டும், காலையில் எடுத்துக்கொள்வேன், கையில் காசு. ஆனால் அந்த சிப்பெல்லாம் இப்போது யார் செய்கிறார்கள்? டாக்டர் பெட்டியில் இருந்தது. எட்டு.

சிப்புக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினார். க்ரீச்... ஒன்று. க்ரீச்... இரண்டு. எட்டாவது மட்டும் அடம் பிடித்தது. ஓங்கி நெம்பியதில் அதன் கால் ஒன்று ஒடிந்து, குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒடிந்த இடத்தில் கம்பி வைத்து ஒப்பேற்றினார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்கு மனசு கேட்கவில்லை. “செத்தவர் சாமான்ல எதுக்குங்க கை வெக்கிறீங்க? வந்து கேட்டா?”

“கேக்கட்டும். காசைக் கீழ வெச்சிட்டுக் கேக்கட்டும்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “ஊர்ப் பல்லையெல்லாம் புடுங்கினவருக்கு நான் புடுங்கிட்டேன்.”

அவள் சிரிக்கவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரவு பதினொன்றே முக்கால் இருக்கும். புதுக் கிராக்கியின் பெட்டி வேலை முடிந்து, டாக்டர் பெட்டியின் மூடியை மாட்டித் திருகையும் இறுக்கிவிட்டு, ஈயம் நாற்காலியில் சாய்ந்தார். ஷட்டர் முழுக்க இறக்கியிருந்தது. தெருவில் சத்தமே இல்லை.

முதலில் வாசனை. கிராம்பு எண்ணெய்...

பிறகு, ம்ம்ம் என்று ஒரு விசிறி சுற்றுகிற சத்தம். டாக்டர் பெட்டி. அதன் ஒயர் தரையில் கிடந்தது, ப்ளக் அவர் செருப்புக்குப் பக்கத்தில்.

திரையில் எண் ஏறியது. பழைய பெட்டிகள் போட்டதும் தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்க்கும், தெரியுமா? டிக்... டிக்... டிக்... நின்றது. ஒரு பீப். ஈயத்தின் இடது தாடையில் சுருக்கென்று ஒரு குத்து. கன்னம் மரத்தது. தொட்டுப் பார்த்தார், இன்னொருவர் கன்னம் போல இருந்தது.

பெட்டி திரும்ப முதலிலிருந்து எண்ணியது. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தூரம் போனது. பீப்.

எழுந்திருக்கப் பார்த்தார். மோவாயை ஒரு கை பிடித்துப் பின்னால் சாய்த்தது. யாரும் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது தோலுக்கு... நடுங்குகிற கை. காதருகில் குரல், அவ்வளவு மரியாதையாக:

“பெருசாத் திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க.”

ஈயம் இரண்டு கைகளையும் தூக்கினார். தூக்கியபடியே இருந்தார்.

டிக்... டிக்... டிக்...

காலையில் மனைவிதான் வந்து ஷட்டரைத் தட்டித் திறக்கவைத்தாள். மேசையில் பணம் அடுக்கியிருந்தது. எண்ணினாள். ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது. யார் கொடுத்தது என்று கேட்டாள். அவர் வாயைத் திறந்து காட்டினார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மேலே நாலு, கீழே நாலு பல்லைக் காணோம். ஏதோ பல வருஷத்துக்கு முன்பே ஆறிய புண் மாதிரி வழவழவென்று ஈறு.

டாக்டர் பெட்டியின் திருகு, இறுக்கிய இடத்தில் இறுக்கியபடி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. வாடகையைக் கட்டச் சொல்லி மனைவியை அனுப்பிவிட்டு, வெல்டரைக் கூப்பிட்டு, இருவருமாகப் பெட்டியை மகன் வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.

மகன் சந்தேகத்தோடுதான் சுவிட்சைப் போட்டான். எண் ஏறியது. எங்கும் நிற்கவில்லை, கடைசிவரை ஓடியது. பீப் இல்லை.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்றான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு பாக்கி எவ்வளவு என்று கேட்டான்.

ஈயம் வாயில் துண்டை அழுத்திக்கொண்டு கையை ஆட்டினார். வெல்டர்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

“பாக்கி இல்லைங்க. டாக்டரே தீத்துட்டாரு.”

சொன்னபடியே பெட்டியைச் சுவரோரம் நகர்த்தக் குனிந்தார் வெல்டர். பின்பக்கம் ஒரு தகடு கழன்று ஓட்டையாக இருந்தது. அதன் வழியே ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. எட்டுக் குழியிலும் வெள்ளையாக, வரிசையாக... ஏழு நேராக உட்கார்ந்திருந்தன. எட்டாவது மட்டும் சாய்ந்திருந்தது. அதற்கு வேர் இல்லை.

அந்த வேர் இன்னும் ஈயத்தின் தாடையில்தான் இருக்கிறது. எந்த டாக்டரின் குறட்டுக்கும் பிடிபடவில்லை. மகன் அந்தப் பெட்டியைப் போடுகிற நேரமெல்லாம் இவருக்குத் தெரிந்துவிடும். கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் குனிந்து காதை வைத்தால் நமக்கும் கேட்குமாம்.

டிக்... டிக்... டிக்...