தூக்கின கை செல்லுமா?

ஹலோ... ஹலோ... ஆமா, தெய்வநாயகந்தான் பேசறேன்... யாரு, வக்கீல் தம்பியா? ஆனந்தராஜா? சொல்லு தம்பி. மெதுவாத்தான் பேசுவேன், கவுன்சில் கூட்டத்துல உக்காந்திருக்கேன்... ஆமா, ஆமா, உள்ளதான்... வெளிய வர முடியாதுப்பா. எழுந்தா நாற்காலிய எடுத்துடுவானுங்க.

என்னது, என் கேஸ கூப்பிடப் போறாங்களா? இன்னிக்கா?... அப்ப நீ சென்னைக்குப் போவலியா?... ஓ, உன் ஆபீஸ்லியே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துகிட்டு ஹைகோர்ட்டா? காலம் நல்லாத்தான் இருக்கு. மேல கறுப்புக் கோட்டு, கீழ கைலியா?... சரி சரி, கேக்கல.

என்னா வாரண்டு?... ஏன் தம்பி, என்னப் புடிக்க வராங்களா?... கோ வாரண்டோவா? கோன்னா இங்கிலீஷ்ல போன்னுதானே? போ வாரண்டு... இல்லியா? லத்தீனா?... ‘நீ எந்த அதிகாரத்துல இந்தப் பதவியில உக்காந்திருக்க’ன்னு கோர்ட்டு கேக்கறதா? அதத்தான் நானும் சொல்றேன். போன்னு மரியாதையா சொல்றாங்க.

ஆமா... ஆமா... என்னய மெம்பராப் போட்டதுக்கு அரசாங்கம் என்னான்னு பதில் போட்டிருக்காம்?... படி, படி... ‘பல் கட்டும் தொழிலில் நெடுங்கால அனுபவம் உடையவர்.’ நெசந்தானே தம்பி! தட்டாஞ்சாவடியில லேத்துப் பட்டறை போட்ட நாள்லேருந்து பல்லுதான் கட்டறேன். தேஞ்சுபோன சக்கரம் வந்தா வெல்டிங் வெச்சி ஏத்தி, புதுப் பல்லு வெட்டித் தரேன். அரிசி மில்லுக்குக் கட்டியிருக்கேன், கரும்புச்சாறு மிஷினுக்குக் கட்டியிருக்கேன்... மனுசனுக்கா? மனுசன்னு சட்டத்துல எங்கப்பா போட்டிருக்கு? கவுன்சில் பேரு என்னா? பல் கட்டுநர் கவுன்சில். நான் யாரு? பல்லு கட்டறவன். அவ்வளவுதான்.

இல்ல, ஒரேயொரு மனுசன் வந்தாரு. பட்டறை வாசல்ல ‘எல்லாவிதப் பல்லும் கட்டித் தரப்படும்’னு எழுதி வெச்சிருக்கேன் இல்ல? அதக் கேள்விப்பட்டு காலாப்பட்டுலேருந்து ஒரு பெரியவரு பஸ்ஸு புடிச்சி வந்து, லேத்து எதிர்ல ஸ்டூல போட்டு வாயப் பொளந்தாரு. அவ்ளோ தூரம் வந்தவர சும்மா அனுப்ப மனசு வருமா? வெர்னியர வெச்சி அளவெடுத்தேன். எத்தினி குதிரை சக்தின்னு கேட்டேன். கோச்சிக்கிட்டுப் போயிட்டாரு... சத்தியமா தம்பி.

ராஜினாமாவா?... பண்றேன்பா. மாட்டேன்னு சொன்னேனா? ஜட்ஜ் ஐயா ஏதாவது காட்டமா எழுதறதுக்கு முன்னாடி நாமளே போயிடலாங்கற... புரியுது, புரியுது. ஆனா இந்த ஓட்டு முடியட்டும்.

எந்த ஓட்டா? நீ என் கேஸ மட்டுந்தானே படிச்ச. இங்க தனக்கொடின்னு ஒரு பொண்ணு நிக்குது. அரியாங்குப்பத்துல பல்லு செட்டு கட்டிக் குடுக்குது. மனுசனுக்குத்தான், மனுசனுக்குத்தான். அந்தப் பொண்ணோட பதிவ ரத்து பண்ணலாமா வேணாமான்னு இன்னிக்கி முடிவு. ரத்து பண்ணுங்கறவன் தலைவரோட சேத்து மூணு பேரு. வேணாங்கறவன் மூணு பேரு. நான் கை தூக்கினா அது நாளைக்கி கடையத் தொறக்கும். நான் எழுந்து போனா மூணுக்கு மூணு; சரிசமமா நின்னா தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அதப் போட்டு பூட்டிடுவாரு.

யாரு புகாரு குடுத்தா? சாட்சாத் கட்சிப் பேச்சாளரு இளம்பரிதிதான்! அந்தக் கோடியில உக்காந்திருக்காரு.... ஆமா, அதே ஆளுதான். என் மேல உங்க ஹைகோர்ட்டுல கேஸ் போட்ட அதே இளம்பரிதிதான். இப்பப் புரியுதா, அவருக்கு ஏன் திடீர்னு சட்டத்து மேல பாசம் வந்துச்சின்னு?

என்னா புகாருன்னா, தனக்கொடி கட்டின செட்டப் போட்டுகிட்டு அவரு பொதுக்கூட்டத்துல பேசினாரு. மூணு மணி நேரம். தண்ணி கூட குடிக்காம. கடைசியில பல்லு கழண்டு பறந்து, கழட்டி வெச்சிருந்த மாலைக்குள்ள போயி விழுந்துச்சி. மாலையத் தூக்கி எவனோ ஆட்டுக்குப் போட்டுட்டான். கொஞ்ச நேரம் அது சிரிச்சிகிட்டே நின்னுச்சின்னு சாட்சி சொல்லியிருக்கு... ஆடு இல்லப்பா. பாத்தவன்.

நீயே சொல்லு. மூணு மணி நேரம் நிறுத்தாம ஓட்டினா என் கிரைண்டர் பெல்ட்டே அறுந்து போவும். பேச்சு நீளமா இருந்தா அது பல்லோட குத்தமா? அந்தப் பொண்ணு ஏன் கடைய மூடணும்?

சரி, நீ எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் ஓட்டு போடக் கூடாதுன்னு கோர்ட்டு தடை குடுத்திருக்கா?... இல்லல்ல? என்னய நீக்கினாலும், நீக்கறதுக்கு முன்னாடி நான் செஞ்சது செல்லுந்தானே?... பொதுவா செல்லுமா? அது போதும், அது போதும். அப்ப உங்க ஜட்ஜ் முந்திக்கறாரா, எங்க தலைவரு முந்திக்கறாரான்னு பாத்துடுவோம்.

தலைவரா? அவரு எங்க முந்தறது! விஷயம் தெரிஞ்சி இழுக்கறாரு தம்பி. முதல்ல டீ குடுத்தாரு. அப்புறம் டீ சரியில்லன்னு வேற டீ... இரு, இரு. இப்ப என்னமோ இரங்கல் தீர்மானமாம். எழுந்து நிக்கணுமாம்... யாருக்கா? தெரியல... தலைவரே, யாருக்குங்க?... அவருக்கா? அவருக்குப் போன கூட்டத்துலியே நின்னுட்டமே!... சரி, நிக்கறேன், நிக்கறேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்ச மனுசன், ‘சிலான்ஸ்’, பேசாதன்னு அதட்டறாரு. போன வெச்சிடாத தம்பி...

............

............

...தம்பி, இருக்கியா?... ஆச்சி, ஆச்சி, உக்காந்துட்டோம். செத்தவருக்கே போதும்னு ஆயிருக்கும்.

யாரு அங்க இருமறது?... நீ இல்லியா? அப்ப யாரு?... மியூட்டா? எத மியூட்டு பண்ணல?... கோர்ட்டுல பேசற கம்ப்யூட்டர் மைக்கையா? தம்பி... ஹலோ... ஆனந்தராஜ்...

யாருங்க பேசறது?... ஜட்ஜா?

ஐயா! வணக்கம்ங்கய்யா! வணக்கம்ங்க! ஐயா நேரா சென்னையிலேருந்தே பேசறீங்களா? கம்ப்யூட்டர்ல கேக்குதுங்களா?... எந்தப் பேச்சுலேருந்துங்கய்யா கேட்டுகிட்டிருக்கீங்க?... கைலியிலேருந்தா?

இல்லீங்கய்யா, அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னது. வக்கீல் தம்பி பேண்ட்டு போட்டுத்தான் இருப்பாப்பல. எழுந்து காட்டச் சொல்லாதீங்க.

ஆமாங்கய்யா... ஆமாங்கய்யா... நாந்தான் அந்த ரெண்டாவது எதிர்மனுதாரரு. தெய்வநாயகம்... படிப்புங்களா? எட்டாவதுங்கய்யா. தகுதின்னு பாத்தா, சொந்தப் பல்லு எல்லாமே இருக்குங்க. இங்க வேற எந்த மெம்பருக்கும் அது இல்ல... அது தகுதியில சேராதுங்களா? சரிங்கய்யா.

கேளுங்கய்யா... இல்லீங்க, யாரு சிபாரிசும் கிடையாது. நேர்ல வந்து விசாரிச்சித்தான் போட்டாங்க. ஒரு ஆபீசரு பட்டறைக்கே வந்தாரு. ‘பல்லு கட்டுவீங்களா’ன்னாரு. ‘கட்டுவேன்’னேன். ‘மேல் பல்லா கீழ்ப் பல்லா’ன்னாரு. ‘ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்துகிட்டாத்தானே ஓடும்’னேன். ‘வலிக்குமா’ன்னாரு. ‘கிரீஸ் வெச்சா சத்தமே வராது’ன்னேன். ‘நெடுங்கால அனுபவம்’னு எழுதிகிட்டுப் போனாரு... ஆமாங்கய்யா, சுத்தி லேத்தெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சி. அவரு கேட்டதுக்குத்தானே நான் பதில் சொல்லணும்? அவரு கேக்காததுக்கும் சொல்லணுங்களா?

ஐயா சிரிக்கிறீங்களா?... இருமலா... சரிங்க, சரிங்க.

சரிதாங்கய்யா, தப்புதான். பாக்க வேண்டியத பாக்காம போட்டுட்டாங்க. ரத்து பண்ண வேண்டியதுதான். நான் குறுக்க நிக்கல... ஆனா ஐயா, ஒரு நிமிஷம், மன்னிக்கணும், இங்க கை தூக்கச் சொல்றாங்க... ஓட்டுக்குத்தாங்கய்யா. தலைவரு நான் போன்ல பேசற நேரமாப் பாத்து சட்டுன்னு எடுத்துட்டாரு... ரத்து வேணாம்! வேணாங்கற பக்கம் நான்! தூக்கிட்டேன். ரெண்டு கையா? ஒரு கைல போன் இருக்குங்க, ஒண்ணுதான் தூக்க முடியும்!

ஐயா, இருக்கீங்களா? தூக்கிட்டேங்கய்யா... அதான், அந்த அரியாங்குப்பத்துப் பொண்ணு விஷயம். நீங்க முன்னாடியே கேட்டுட்டீங்களே, ஆட்டுக் கதையோட சேத்து... செல்லுங்களா? இந்த நிமிஷம் வரைக்கும் நான் மெம்பருதானுங்களே?... ஆமாங்க... ஆமாங்க... பதிவான வரைக்கும் செல்லும். பதிவாகணும். சரி, சரி.

ஏம்மா சரிதா, தீர்மான நோட்டு உங்கிட்டதானே! என் கைய எழுதிக்கிட்டியா?... என்னாது, தலைவரு அப்புறம் எழுதிக்கலாங்கறாரா? அப்புறம்னா எப்ப?... நீ எழுதும்மா. நீ எழுதற வரைக்கும் இந்தக் கைய நான் எறக்க மாட்டேன்.

ஐயா?... உத்தரவு சொல்ல ஆரம்பிச்சிட்டீங்களா?... ஐயா, ஒரு வேண்டுதல். கொஞ்சம் மெதுவா சொல்லுங்கய்யா. இங்க ஒரு பொண்ணு எழுதுது... உங்க டைப்பிஸ்ட் இல்லீங்க, எங்க ஊரு பொண்ணு. அது ஒரு வரி முடிக்கறதுக்குள்ள நீங்க என்னய முடிச்சிடாதீங்க... ஆமாங்கய்யா. உங்க கோர்ட்டு, உங்க வேகம். நான் எப்படிச் சொல்ல முடியும்?

...

...தண்ணி குடிக்கிறீங்களா? குடிங்கய்யா. நல்லா குடிங்க. வெயில் காலம். முழு டம்ளரையும் குடிங்க.

எழுது சரிதா, எழுது... தனக்கொடி பேருக்கு ரெட்டைக் கொம்பு எதுக்கும்மா, ஒத்தக் கொம்பு போட்டு எழுது... தலைவரு கையெழுத்து? வாங்கு. அவரு பேனா எழுதலன்னா என் பேனாவக் குடு, இந்தா சட்டப் பைலேருந்து நீயே எடுத்துக்க, எனக்கு கை ரெண்டும் காலி இல்ல... போட்டுட்டாரா? முழுசா போட்டுட்டாரா?

ஐயா, ஆச்சிங்கய்யா. இப்ப சொல்லுங்க... ம்... ம்... ‘மனதைச் செலுத்தாமல் செய்யப்பட்ட நியமனம்’... நல்லா சொன்னீங்கய்யா... ‘இத்துடன் ரத்து செய்யப்படுகிறது’... ரொம்ப சந்தோஷம்ங்கய்யா. எழுந்துட்டேன். நாற்காலிய விட்டுட்டேன்... அதுவரை செஞ்சது பாதிக்காதா? அதையும் சேத்தே போட்டுட்டீங்களா? அம்மா தனக்கொடி, சேத்தே போட்டுட்டாராம்! அழுவாதம்மா, போயி கடையத் தொற.

இல்லீங்கய்யா, நான் கத்தல. இளம்பரிதி கத்தறாரு. காலையிலேருந்து அவரு பல்லு செட்டு சாட்சிப் பொருளா மேசை மேல டம்ளர்ல கெடந்துச்சி. வெறும் வாயோட ஆட்சேபணை சொல்லிச் சொல்லி எவனுக்கும் புரியலன்னு, பாய்ஞ்சி எடுத்து மாட்டிகிட்டாரு... ஆமாங்க, அதே செட்டுதான், தனக்கொடி கட்டினதேதான். மேசை மேல ஏறிட்டாரு. குதிக்கிறாரு. ஐயா, பல்லு அசையல! போன அவரு பக்கம் காட்டறேன், கேளுங்க... ‘தெய்வநாயகம் ஒழிக’ங்கறாரு. கேக்குதுங்களா?... திரும்பவும் சொல்றாரு... ஐயா, அந்த ழகரத்தக் கேளுங்கய்யா! எவ்ளோ சுத்தமா வருது! இன்னொரு தடவ சொல்லுங்க இளம்பரிதி, ஐயாவுக்குக் கேக்கட்டும்... ஐயா?... ஹலோ... ஹலோ...