முன்னால் நிற்பவரின் போன்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் கம்பெனி யூனிபாரத்தோடு இரண்டு பேர்.

"இந்த வருசம் ஒம்பது கச்சேரிக்குப் போனேன் மாமே. ஒண்ணுல கூட பாடுறவங்க மூஞ்ச நேரா பாக்கல" என்றார் குள்ளமானவர்.

"பின்ன இன்னாத்த பாத்த?"

"முன்னாடி எவனாச்சும் ஒரு நெட்டையன் போனத் தூக்கிப் புடிச்சி வீடியோ எட்துகினு நிப்பான். அதுலதான் பாத்தேன். எளாவூர் திருவிழால பாதிலயே ஊட்டுக்கு வந்துட்டேன்."

"ஏன், மழையா?"

"அவன் போன்ல சார்ஜ் பூட்ச்சி."

"டேய், மேடைல பாடிக்கினுதானடா இருந்திருப்பாங்க?"

"பாட்டு கேட்டுச்சி. படம் தெரியலியே."

நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். குள்ளமானவர் பையிலிருந்து புத்தம் புது பவர் பேங்க் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"பொங்கல் கச்சேரிக்கு வாங்கிகினேன்."

"உன் போனுக்கா?"

"எனக்கு எதுக்கு? முன்னாடி நிக்கிறவனுக்கு."