குறுக்கீடு: மனைவியின் இருமல்

சிற்றலை வானொலி கேட்க உட்காரும் முன் வீட்டில் குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். மலிவான செல்போன் சார்ஜர்களைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள் ஈ மொய்ப்பது போல ஓர் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து.

தம்பி, என் கணவரின் நினைவு மலருக்கு நீங்கள் இரண்டு பக்கம் கேட்டு வந்தபோது, இப்படி நாலு குறிப்பு எழுதித் தந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

"தலைப்புகூட நானே வெச்சிட்டேன் அண்ணி. 'இந்தக் காலத்திலும் சிற்றலை கேட்பது பயனுள்ள பொழுதுபோக்கா?' அண்ணனை வெச்சு எழுதுங்க. பயப்படாதீங்க, நம்ம நேயர் மன்றத்துல மொத்தமே பதினோரு பேரு. அதுல நாலு பேருக்குக் கண்ணு சரியில்ல. மிச்சப் பேரு அவங்கவங்க எழுதினத மட்டும்தான் படிப்பாங்க."

நானும் சிரித்தேன். அச்சகத்தில் முப்பத்தோரு வருடம் பிழை திருத்தினேன். அத்தனையும் அடுத்தவர் எழுதியவை. சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. தயவுசெய்து எதையும் வெட்டாமல் படியுங்கள்.

என் கணவர் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டரில் எண் பார்த்துக் குறிக்கும் வேலையில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். எண்ணைப் பார்த்தால் எழுதியாக வேண்டும் அவருக்கு. ஓய்வுபெற்ற பிறகு எழுத எண் இல்லாமல் திண்டாடினார். அப்போதுதான் இந்த வானொலிப் பெட்டி வந்தது. மாலை ஐந்தரை மணிக்கு, நாங்கள் இருவரும் பார்க்கப்போகாத ஏதோ ஒரு நாட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம் தமிழில் ஒலிபரப்பு. அவர் குறிப்பேட்டில் ஐந்து கட்டம் போடுவார். ஒலியின் வலு, குறுக்கீடு, இரைச்சல், மங்கல், மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஐந்து என்றால் சுத்தம், ஒன்று என்றால் மோசம். வாரக் கடைசியில் அதை அந்த வானொலி நிலையத்துக்குக் கடிதமாக எழுதி, கார்பன் பிரதி ஒன்று வைத்துக்கொண்டு, மூலத்தைத் தபாலில் சேர்க்க என்னிடம் தருவார். ஒன்றைக்கூட நான் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் தபால் பெட்டியில் போட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சியை நடத்தியவள் ஒரு பெண். வாக்கியம் முடியும்போது மெல்ல ஒரு மூச்சு விடுவாள். அதற்கு அவர் தலையை ஆட்டுவார், எதிரே உட்கார்ந்து பேசுகிறவளுக்கு ஆட்டுவது போல. முப்பத்தைந்து வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் அப்படித் தலையாட்டி நான் பார்த்ததில்லை. 'ம்' கொட்டுவார். அது வேறு.

முதலில் நான் செய்தது சின்ன வேலை. சமையலறையில் பழைய சார்ஜர் ஒன்று கிடந்தது. ஐந்து இருபத்தெட்டுக்கு அதைப் பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். கூடத்தில் ஈ மொய்த்தது. அவர் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மெஷின் மோட்டார்தான் காரணம் என்று முடிவு கட்டி, சுவர் மேலாக எட்டிப் பார்த்து இரைந்தார்.

"யப்பா, அரை மணி நேரம் அந்த மெஷின நிறுத்தக் கூடாதா?"

"அண்ணே, நான் சாப்பிட்டுட்டு இருக்கேன். வேணும்னா மெல்றத நிறுத்தட்டுமா?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ஏழெட்டு மாதம் சார்ஜரை வைத்தே ஓட்டினேன்.

பிறகு ஒரு நாள் காற்றில் ஏரியல் கம்பி அறுந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடையில் ஒரு குழாய் நட்டு, அங்கிருந்து படிக்கட்டுக் கூரை வரை அந்தக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார். தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், ஸ்டூல் மேல்கூட ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். இருந்தும் ஏணியைச் சாய்த்தார். நான் கீழே நின்று பிடித்துக்கொண்டேன்.

"புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

"விட்டுடாத."

"விடல. வேலையைப் பாருங்க."

"இருக்கியா?"

"எங்க போவேன்?"

அரை மணி நேரத்தில் பதினான்கு முறை என்னைக் கூப்பிட்டார். எண்ணுவது அவர் பழக்கம். அது எனக்கும் ஒட்டியிருந்தது. கல்யாணமான புதிதில்கூட ஒரே நாளில் இத்தனை தரம் கூப்பிட்டதில்லை. அதற்கப்புறம் அந்தக் கம்பி இரண்டு முறை அறுந்தது. அணில் கடித்துவிட்டது என்றார். நான் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோலைப் பயன்படுத்தினேன். அவர் விழ வேண்டும் என்ற நினைப்பே எனக்கு அப்போது இல்லை. அவர் கூப்பிட வேண்டும், நான் பிடித்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மழைக்காலம் முடியும்போது எனக்கு இருமல் வந்தது. எட்டாவது நாள் மாலை அவர் பெட்டியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னைக்கு அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கு. பாவம், லீவு குடுக்க மாட்டாங்க போல."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்."

"நான் எட்டு நாளா இருமிட்டு இருக்கேங்க."

"ஆமா, டாக்டரைப் பாக்கணும்" என்றார், பென்சிலைக் கீழே வைக்காமல்.

அந்த வாரக் கடிதத்தை உறையில் போடும் முன் படித்தேன். எப்போதும் படிப்பேன், அச்சகப் பழக்கம். குறுக்கீடு என்ற கட்டத்தில் இரண்டு என்று போட்டு, பக்கத்தில் காரணம் எழுதியிருந்தார்: 'வீட்டில் மனைவியின் இருமல், விட்டுவிட்டு.' விடுபட்டிருந்த ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்தேன். உறையை ஒட்டினேன். மழையில் நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தையல்காரரின் மனைவியிடம் பேசினால் அவள் வேறு மாதிரி சொல்லுவாள். ஒருமுறை நான் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவர் நிகழ்ச்சியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார், செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்து வந்தார், ஆஸ்பத்திரியில் விடிய விடிய என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் என்பாள். நடந்ததுதான். ஆனால் குறிப்பேட்டில் அந்தத் தேதியைப் பார்த்தேன். ஐந்து கட்டமும் காலி. ஆறு வருடத்தில் காலியாக இருப்பது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குச் சிக்னலே வந்திருக்காது.

கடிதம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். நான்காம் சனிக்கிழமை நேயர் கடிதங்கள் வாசிக்கும் நாள். அன்று காலையிலேயே அவர் சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். நான்கு மணிக்கு நான் கம்பியை வெட்டினேன்.

ஐந்து மணிக்குப் பெட்டியைப் போட்டுத் திருகிப் பார்த்தவர், எதுவும் எடுக்கவில்லை என்றதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். பெட்டியை என்னிடம் கொடுத்துக் கைப்பிடிச் சுவர் மேல் வைக்கச் சொன்னார். சத்தத்தை முழுக்க வைத்தேன். வெறும் இரைச்சல்தான் வந்தது. அவர் ஏறினார். நான் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவர் என்னைக் கூப்பிடவில்லை. பல்லால் கம்பியின் தோலை உரித்தார், முறுக்கினார். நான்தான் கேட்டேன்.

"புடிச்சிருக்கேன், தெரியுதா?"

"உஸ். சும்மா இரு. வர்றாங்க."

கம்பி சேர்ந்தது. இரைச்சல் விலகி அவள் குரல் வந்தது. பக்கத்து அறையில் நின்று பேசுவது போல அத்தனை தெளிவு. அவர் கையை எடுக்காமல், பெட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பித் தலையாட்டினார். அந்த முகத்தை நான் கீழேயிருந்து பார்த்தேன். அழகாக இருந்தார்.

நான் ஏணியைத் தள்ளவில்லை. கையை எடுத்தேன். மாடித் தளம் வழவழப்பானது, ஏணிதான் வழுக்கியது.

மாடியில் தொட்டியடியில் இருந்த துணி துவைக்கும் கல்லில் தலை பட்டு, அதன் பக்கத்தில் கிடந்தார். கண் திறந்திருந்தது. விரல்கள் அசைந்தன, எதையோ குறிக்கப் போவது போல. நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். மூன்றாவதாக அவருடைய கடிதத்தை வாசித்தாள். ஐந்து எண்களையும் பிழையில்லாமல் வாசித்தாள். பிறகு மெல்ல ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்: "நேயரே, உங்கள் துணைவியாரின் இருமல் இப்போது குறைந்துவிட்டதா? நான் விசாரித்ததாக அவரிடம் சொல்லுங்கள்."

என் இருமலைப் பற்றிக் கேட்டது அவள் ஒருத்திதான். குறைந்துவிட்டது என்று நான் வாய்விட்டே பதில் சொன்னேன். அவர் முனகினார். சத்தம் அதிகமில்லை, நிகழ்ச்சி காதில் விழுந்தது.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு முடிப்பு இசை வந்தது. பெட்டியை அணைத்தேன். குறிப்பேட்டில் அன்றைய கட்டங்களை நானே நிரப்பினேன்: எல்லாம் ஐந்து. கத்தரிக்கோலைச் சமையலறை இழுப்பறையில் வைத்தேன். பிறகுதான் சுவரோரம் போய்த் தையல்காரரைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், "அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார். நான் கீழே சமையலில் இருந்தேன், சத்தமே கேட்கவில்லை என்றேன். தலைசுற்றல் மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள், தம்பி. அதுவும் வேறு கேள்வி.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், பயனுள்ள பொழுதுபோக்குதான். நான் தினமும் கேட்கிறேன். அவளுக்குக் கடிதமும் எழுதுகிறேன். போன சனிக்கிழமை என் கடிதத்தை வாசித்தாள். வீட்டில் இப்போது குறுக்கீடு எதுவும் இல்லை.

இதை மலரில் போடுவதும், கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுப்பதும் உங்கள் விருப்பம். கம்பியை வெட்டியது நான். ஏணியை விட்டது நான். இரண்டும் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். நிகழ்ச்சி முடியும் வரை காத்திருந்ததை மட்டும் தவறென்று சொல்ல மாட்டேன். நான் விழுந்து கிடந்திருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.