கீழ்வீட்டுக்கு வைஃபை

வைஃபை பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் தப்பு. வீட்டுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே, சுற்றிலும் காற்றோட்டமாக வைக்க வேண்டும். நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊராருக்கு இதைச் சொல்வதுதான் என் பிழைப்பு. இணையக் கம்பெனி ஒன்றின் உதவி எண்ணில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். என் குரலில் பதற்றமே வராது என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். இப்போதும் வராது. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு தளம். மாடியில் நானும் கணவரும், கீழே கொழுந்தனும் அவர் மனைவியும். அவளைச் சின்னவள் என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் சொல்வோம். சுவர்கள் கனமானவை. கீழ்வீட்டில் செல்போன் சிக்னல் பேருக்குக்கூடக் கிடையாது, தெருவுக்குப் போனால்தான் வரும். அதனால் மாடியில் ஒரு பெட்டி, படிக்கட்டுத் திருப்பத்தில் இன்னொன்று என்று வைத்து, வீடு முழுக்க வைஃபை எட்டும்படி நான்தான் செய்தேன். கீழே இருப்பவர்கள் யாரோடு பேசுவதானாலும் அதன் வழியாகத்தான் பேசியாக வேண்டும். சுவரில் துளை போட்டது, ஒயர் இழுத்தது, பாஸ்வேர்டு வைத்தது எல்லாம் நான். வேலை முடிந்ததும் சின்னவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் எல்லோரும் அந்த டீயைப் புகழ்ந்தார்கள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வந்த நாளிலிருந்து அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என் கணவர் வேலை முடிந்து வந்தால் முதலில் கீழ்வீட்டில்தான் செருப்பைக் கழற்றுவார். சிரிக்க வேண்டியதையெல்லாம் அங்கே சிரித்து முடித்துவிட்டு, மிச்ச முகத்தோடு மாடிக்கு வருவார். ஒருநாள் உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது சின்னவள் சொன்னாள், "அக்காவுக்கு மெஷின்னா உயிரு. மனுஷங்ககிட்டதான் பாஸ்வேர்டு கேப்பாங்க." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான், அதை நீங்கள் நம்ப வேண்டும். பெட்டியில் ஏதோ கோளாறு என்று அணைத்துப் போட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. படியேறி வந்து என் கதவோரம் நின்றாள். "அக்கா, நெட் போயிடுச்சு. கொஞ்சம் பாருங்களேன்." அவளுக்கு முதல் முறையாக என்னிடம் ஏதோ வேண்டியிருந்தது. "பாக்குறேன், போ" என்றேன். எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

அதற்குப் பிறகு கோளாறுகள் அடிக்கடி வந்தன. கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் வந்தன. என் கணவர் மேலே வர நேரமானால் வந்தன. அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் கட்டாயம் வந்தன. ஒவ்வொரு தடவையும் அவள் படியேறி வந்து கேட்டாள், நான் கொடுத்தேன். யாருக்கும் குடி முழுகிப் போகவில்லை.

பிறகு அவளே எனக்கு வசதி செய்து கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டாள். நான் கத்தவில்லை. புதிதாக ஒரு ஏற்பாடு செய்தேன். சின்னவள் போன் வைஃபையில் சேர வேண்டுமானால், ஒவ்வொரு தடவையும் என் போனுக்கு ஒரு கேள்வி வரும்: அனுமதிக்கவா, மறுக்கவா. நான் அனுமதித்தால் அவளுக்கு நெட் கிடைக்கும்.

"எதுக்கு இதெல்லாம்? அவ என்ன திருடியா?" என்றார் கணவர்.

"பாதுகாப்புக்குங்க."

"அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கொழுந்தன். அவர் போனுக்கு இந்தக் கேள்வி கிடையாது என்பதை அவர் கவனிக்கவில்லை.

சின்னவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். "கதவைத் தட்டிட்டு உள்ள வர்ற மாதிரி, அவ்ளோதானேக்கா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். என்னால் தாங்க முடியாமல் போனது அந்தச் சிரிப்பைத்தான். அன்றிலிருந்து அவளைக் காக்க வைத்தேன். கேள்வி வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிப்பேன். மடித்து முடித்த பிறகு அனுமதிப்பேன்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் முற்பகலில் ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்க நினைத்து, முன்னறைக் கண்ணாடி டீப்பாய் மேல் ஏறியிருக்கிறாள். அந்தக் கண்ணாடியை நீங்களே பார்த்தீர்கள். உடைந்த சத்தம் மாடிக்கு நன்றாகவே கேட்டது. அப்போது எனக்கு லைனில் ஒரு தையல்கடைக்காரர். வைஃபை வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

என் போனில் கேள்வி வந்தது. மறுத்தேன். உடனே மறுபடியும் வந்தது. மறுத்தேன். மற்ற நாட்களில் ஒரு தடவை கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். அன்றைக்கு விடுவதாக இல்லை. நானும் விடவில்லை.

"மேடம், உங்க வீட்ல யாரோ கூப்பிடுறாங்க போல இருக்கே" என்றார் தையல்கடைக்காரர். "போய்ப் பாத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"அது பக்கத்து வீட்டு டிவி சார். பெட்டியில பச்சை லைட் எரியுதா?"

"எரியுதும்மா."

"அப்ப சரியாயிடுச்சு."

அவர் நன்றி சொல்லி, இவ்வளவு பொறுமையாகப் பேசுகிறவர்களைப் பார்த்ததே இல்லை என்றார். அதற்குள் கேள்வி வருவதும் நின்றிருந்தது. அடுத்த அழைப்பை எடுத்தேன். எங்கள் கம்பெனி எல்லாப் பேச்சையும் பதிவு செய்கிறது, நீங்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் என்னை ஸ்டேஷனுக்கு வரவழைத்திருக்கிறீர்கள்.

மாலையில் என் கணவர்தான் கீழ்வீட்டுக் கதவை முதலில் திறந்தார். நான் படிக்கட்டிலேயே நின்றேன். தொடையில் இரத்தக்குழாய் அறுந்திருந்ததாம். யாராவது ஒரு துணியை இறுக்கிக் கட்டி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். கடைசி வரை போன் அவள் கையில் இருந்தது.

அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஹெட்செட்டைத் தாண்டிக் கேட்டது. என் கையால்தான் மறுத்தேன், ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் மறுத்தேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவள் "அக்கா, அக்கா" என்று மட்டும்தான் கூப்பிட்டாள், என்ன வேண்டும் என்று சொல்லவே இல்லை. என்ன பிரச்சினை என்று சொல்லாதவர்களுக்கு யாராலும் உதவ முடியாது. எங்கள் வேலையில் அதுதான் முதல் பாடம்.