கசிவற்ற இணைப்பு

மார்கழியில் வெந்நீரில் குளிப்பதை நான் ஒருபோதும் குறை கூறியதில்லை, ஆய்வாளர் ஐயா. திருத்துறைப்பூண்டியில் சம்பா முற்றும் நாட்களில் பனி எலும்பைத் தொடும். என் மனைவி அமிர்தத்துக்கு மூட்டுவலி. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த அவள் தம்பி சதீஷ், அக்காவுக்கென்று கேஸ் கீசர் வாங்கியது நல்லெண்ணத்தினால்தான்.

அதைக் குளியலறைக்கு வெளியே மாட்ட வேண்டும் என்றேன். கடையிலிருந்து வந்த மெக்கானிக் தௌபீக்கும் அதையே சொன்னார். குழாயில் வருவதற்குள் நீர் ஆறிவிடும் என்று சதீஷ் உள்ளேயே மாட்டச் செய்தான். சிலிண்டரை மட்டும் கொல்லையில் வைக்க இசைந்தான். தௌபீக் இணைத்த எரிவாயுக் குழாய் எனக்கு நிறைவளிக்காமையால், மறுநாள் நானே அதை மாற்றினேன். முத்திரையுள்ள ரப்பர் குழாய், இரு முனைகளிலும் கவ்வி, கொல்லைச் சுவரில் ஒரு வால்வு. சோப்பு நீரைப் பூசி மூன்று முறை பார்த்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். கசிவே இல்லாவிடினும், அடைத்த அறையில் எரியும் தீ மணமற்ற நச்சுவளியை உண்டாக்கும் என்பதை அறிவேன். ஆகவே, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், பத்து நிமிடத்துக்குமேல் ஆகலாகாது என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். சதீஷ் அதை உரக்கப் படித்தான்.

“என்ன அத்தான், குளிக்கிறதுக்கும் ஹால் டிக்கெட் உண்டா? பெல் அடிச்சதும் சோப்பைக் கீழ வெச்சிடணுமா?”

அமிர்தம் சிரித்தாள். பால் ஊற்ற வந்த தங்கமணியும் சிரித்தாள். மறுநாள் தெருவே என்னைப் பார்த்துப் புன்னகைத்தது.

கொசுவும் பனியும் வருகின்றனவென்று அவன் ஜன்னலில் பழைய வேட்டியைத் திணித்துவிட்டு, அரை மணி நேரம் பாடிக்கொண்டே குளிப்பான். நான் எடுப்பேன், அவன் திணிப்பான். இப்படிப் பதினொரு நாட்கள். ஒருநாள் தலைவலி என்றான். காரணத்தை விளக்கினேன். “கீசரால இல்ல அத்தான், உங்க பாடத்தாலதான் வலிக்குது” என்றான். அமிர்தம் மீண்டும் சிரித்தாள். எத்தனை தெளிவாகச் சொன்னாலும் செவிமடுக்காதவர்களிடம் ஒருவன் வேறென்ன செய்ய இயலும்?

பன்னிரண்டாம் நாள், அமிர்தம் குளித்துக் கோயிலுக்குச் சென்ற பின்னர், வேட்டியை நானே திணித்தேன். அவனைவிடச் செம்மையாக, இடைவெளியின்றி. சிறிது மயக்கம் வந்தால் புரிந்துகொள்வான் என்பதே என் எண்ணம். உள்ளே சென்றவன் ஜன்னலைக் கண்டு, “அத்தான் வழிக்கு வந்துட்டாங்க” என்று சொல்லிக்கொண்டது கொல்லையில் நின்ற எனக்குக் கேட்டது.

இருபதாம் நிமிடத்தில் பாட்டு நின்றது. பிறகு, “அத்தான்” என்று ஒரு முறை அழைத்தான். கேலியற்ற குரலில் அவன் என்னை அழைத்தது அதுவே முதல் முறை. இன்னொரு முறை அழைக்கட்டும் என்று காத்திருந்தேன். வால்வு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூடியிருந்தால் அவன் வெளியே வந்திருப்பான். மாலைக்குள் அதையும் ஒரு வேடிக்கையாக்கி ஊருக்குச் சொல்லியிருப்பான். அமிர்தம் திரும்பி வந்து குளியலறைக் கதவைத் தட்டும்வரை நான் அதை மூடவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அனைவரும், “சார் அப்பவே சொன்னாங்களே” என்றார்கள். அமிர்தமும் அழுதுகொண்டே அதைச் சொன்னாள். நான் வாய் திறவாமலே இருந்திருப்பேன். ஆனால் நேற்று உங்கள் எழுத்தர் படித்துக்காட்டிய அறிக்கையில், நான் பொருத்திய குழாயில் ஏற்பட்ட கசிவே சாவுக்குக் காரணம் என்றிருந்தது.

அது பிழை. வேட்டியைத் திணித்தவன் நான். அவன் அழைத்தும் வால்வை மூடாமல் நின்றவனும் நானே. குழாயில் எந்தப் பழுதும் இல்லை. அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள், ஐயா. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.